யந்திரம் வந்தால் போதுமா?

நூற்பாலை ஒன்றுக்குப் புதிய ரிங் பிரேம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மந்திரி வருகிறார், மாலை விழுகிறது, ரிப்பன் வெட்டப்படுகிறது, போட்டோ எடுக்கப்படுகிறது. மறுநாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. ஆனால் அறுந்த இழையை ஒட்டத் தெரிந்த தொழிலாளி இல்லை; பழுது பார்க்க பிட்டர் இல்லை. அந்த யந்திரம் என்ன செய்யும்? ஒரு முழம் நூல்கூடத் தராது. இதை மில் தொழிலாளிக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சிறிய உண்மை ஆளுவோருக்கு மட்டும் புரிவதில்லை. புற்றுநோய் வைத்தியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்கள் யந்திரத்தின் விலையைக் கோடிக் கணக்கில் சொல்கிறார்கள். அதை இயக்கப் போகிறவர் யார், அவருக்கு எங்கே பயிற்சி, அவருக்கு நிரந்தர வேலை உண்டா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. அணு மருத்துவம் என்னும் துறையில் இந்த மௌனம் ஏழைகளின் உயிரோடு விளையாடுகிறது. ஆகவேதான் அதைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

அணு மருத்துவம் என்பது என்ன?

அணு என்றதும் நம் மக்களுக்கு ஹிரோஷிமாவும் நாகசாகியும் நினைவுக்கு வருவது இயல்பு. 1945 ஆகஸ்டில் அமெரிக்க ஏகாதிபத்தியம் அந்த இரு நகரங்களையும் சுட்டெரித்ததை மனிதகுலம் மறக்காது, மறக்கவும் கூடாது. ஆனால் அதே அணுவுக்கு உயிர் காக்கும் சக்தியும் உண்டு.

புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சும் வைத்தியம் ஒன்றுண்டு. 'கரண்ட் வைப்பது' என்று நம் மக்கள் அதைச் சொல்வார்கள். அணு மருத்துவம் வேறு. கதிர் வீசும் பொருளை மிகச் சிறு அளவில் மருந்தோடு சேர்த்து ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அல்லது விழுங்கக் கொடுக்கிறார்கள். அது உடம்புக்குள் போய் நோய் உள்ள இடத்தில் சேருகிறது. வெளியே இருக்கும் கருவி அந்தக் கதிரைக் கொண்டு படம் எடுக்கிறது. பல புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாகத் தின்னும். ஃப்ளூரின்-18 சேர்த்த சர்க்கரைப் பொருளைச் செலுத்தினால், பெட் ஸ்கேன் படத்தில் நோய் பரவிய இடங்கள் இருட்டில் விளக்குப்போலத் தெரியும். எலும்பில் நோய் பரவியிருப்பதை டெக்னீஷியம்-99எம் காட்டிக்கொடுக்கும்.

காட்டிக்கொடுப்பதோடு வேலை முடிவதில்லை; நோயை அழிக்கவும் இதனால் முடியும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். தைராய்டில் தோன்றும் புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டாலும் பலருக்கு அந்தக் குணம் போவதில்லை. அயோடின்-131 கொடுத்தால் அது புற்றணுவைத் தேடிச் சென்று சுட்டுவிடுகிறது. 1940-களிலிருந்தே உலகம் கையாண்டுவரும் வைத்தியம் இது. இன்று புராஸ்டேட் புற்றுக்கும், குடலிலும் கணையத்திலும் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கும் லுட்டீசியம்-177 என்னும் பொருள் பயன்படுகிறது.

கரையும் மருந்து, காத்திருக்காத நேரம்

இந்த மருந்துகளைக் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது. ஐஸ் வண்டியில் ஐஸ் கரைவதுபோல் இவை கரைந்துகொண்டே இருக்கும். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். டெக்னீஷியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். ஃப்ளூரின்-18 வெறும் 110 நிமிஷத்தில் பாதியாகும். சென்னையில் சைக்ளோட்ரான் யந்திரத்தில் தயாரான ஃப்ளூரினை ஆறு மணி நேரப் பயணத்திலுள்ள ஊருக்குக் கொண்டுபோனால், போய்ச் சேரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

டெக்னீஷியத்துக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அதன் தாய்ப் பொருளாகிய மாலிப்டினம்-99, 66 மணி நேரத்தில்தான் பாதியாகும். அதை ஈயக் கவசமுள்ள சிறு பெட்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால், தினந்தோறும் காலையில் அதிலிருந்து டெக்னீஷியத்தை இறக்கிக்கொள்ளலாம். இத்துறையில் வேலை செய்பவர்கள் அந்தப் பெட்டியைப் 'பசு' என்றும், மருந்தை இறக்குவதைப் 'பால் கறப்பது' என்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும்: கறக்கத் தெரியாதவன் கையில் பசு உதைக்கும், பாலும் கெடும்.

ஆகவே இங்கே ஒரு டாக்டர் மட்டும் போதாது; ஒரு சங்கிலி வேண்டும். கதிர் மருந்தைத் தயாரித்து அதன் தூய்மையைச் சோதிக்கும் ரசாயன நிபுணர் வேண்டும். ஊசியில் எவ்வளவு போகிறது என்று அளந்து, படமெடுக்கும் டெக்னீஷியன் வேண்டும். கருவி சரியாக அளக்கிறதா என்று நாள்தோறும் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். கதிர் பாதுகாப்பு அதிகாரி வேண்டும். நர்சு வேண்டும். படத்தைப் படித்து முடிவு சொல்லும் அணு மருத்துவ டாக்டர் வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அன்றைய மருந்து யாருக்கும் உதவாமல் கரைந்துபோகும்.

பயிற்சி என்பது காகிதச் சான்றிதழ் அல்ல. நோயாளி சாப்பிட்டுவிட்டு வந்தாரா, சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்காமல் ஊசி போட்டால் பெட் படம் பொய் சொல்லும். ஊசி நரம்புக்கு வெளியே கசிந்தாலும் பொய் சொல்லும். இன்னொன்று இதைவிடக் கடுமையானது. அயோடின்-131 கொடுக்குமுன் "கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அந்தக் கதிர் தாய்ப்பால் வழியே குழந்தையின் தைராய்டைச் சேர்ந்து அதை அழித்துவிடும். நடவு வயலிலிருந்து வந்து கூச்சத்தோடு நிற்கும் ஒரு தாயிடம் அவளுடைய பாஷையில், அவள் அஞ்சாதபடி, இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த மனிதர் வேண்டும். எந்தக் கோடி ரூபாய் யந்திரமும் இதைக் கேட்காது.

யாருக்கு இந்த வைத்தியம்?

2022-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது. 97 லட்சம் பேர் மாண்டனர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. அதே ஆண்டில் இந்தியாவில் புதிதாக நோய் கண்டவர்கள் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் 9 லட்சத்துக்கு மேல். பணக்காரனுக்கும் இந்த நோய் வரும். ஆனால் அவன் முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக்கொள்கிறான். தொழிலாளி, கட்டி பெரிதாகி வேலைக்குப் போக முடியாத நாளில்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறான். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. இந்தக் கணக்கே அவனைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதமே அவனைக் கொல்கிறது.

அப்படி வந்து சேர்ந்த பிறகாவது என்ன நடக்கிறது? பெட் ஸ்கேன் வசதி பெரும்பாலும் பெரு நகரங்களில், அதிலும் பெரும்பகுதி தனியார் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. சிறு ஊர்க்காரர் ரயிலேற வேண்டும். துணைக்கு ஒருவர் வர வேண்டும். இருவர் கூலியும் போகும். 'காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறோமே' என்கிறது சர்க்கார். அட்டை பணம் கட்டும், படம் எடுக்காது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆளில்லை என்றால், அந்த அட்டை பொதுப் பணத்தைத் தனியார் கல்லாப் பெட்டிக்குக் கொண்டுபோகும் வாய்க்காலாகிவிடும்.

பொதுப் பணத்தின் கதையை உலக அளவிலும் பார்க்கலாம். புராஸ்டேட் புற்றுக்கான லுட்டீசியம் மருந்தின் மூலப் பொருளை உருவாக்கியது ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும். இரண்டும் பொது ஸ்தாபனங்கள். அந்த உரிமை கைமாறிக் கைமாறி, 2018-ல் நோவார்ட்டிஸ் என்னும் பகாசுரக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. உரிமையை வைத்திருந்த கம்பெனியையே அது 210 கோடி டாலருக்கு விழுங்கியது. 2022-ல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு ஒரு ஊசிக்கு 42,500 டாலர் விலை வைத்தது. நம் கணக்கில் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு நோயாளிக்கு ஆறு ஊசி வரை வேண்டும். விஞ்ஞானம் பொதுப் பணத்தில் பிறந்தது. லாபம் தனியார் பையில் விழுந்தது.

நம் நாட்டில் வேறு வழி இருந்தது, இப்போதும் இருக்கிறது. டிராம்பேயிலுள்ள 'துருவா' உலையில் பொதுத்துறையே லுட்டீசியம் தயாரிக்கிறது. இது வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி 'அப்சரா' உலை இயங்கத் தொடங்கியது. 1962 முதல் டிராம்பேயில் கதிரியக்க இயற்பியல் பயிற்சி நடந்துவருகிறது. 1963-ல் பம்பாய் பரேலில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியை ஒட்டிக் கதிர்வீச்சு மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அணு மருத்துவ டாக்டர்களையும் டெக்னீஷியன்களையும் முதன்முதலில் உருவாக்கிய இடங்களில் அது முக்கியமானது. 2002-ல் நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரானும் அங்கேதான் வந்தது. எந்த முதலாளியும் கை வைக்கத் துணியாத காலத்தில், மக்களின் வரிப்பணம் கட்டிய சொத்து இது. அதை ஒவ்வொரு மாநிலத்துக்கும் விரிப்பதற்குப் பதிலாக, யந்திரம் வாங்குவது, நடத்தும் பொறுப்பைத் தனியாருக்குக் கொடுப்பது, ஆட்களைக் கான்ட்ராக்டில் எடுப்பது என்ற பாதையில் ஆட்சியாளர்கள் போகிறார்கள்.

கல்பாக்கத்தில் அணு உலை. கூடங்குளத்தில் அணு உலை. நம் கடற்கரையில் அணு இத்தனை பெரிதாக எழுந்து நிற்கிறது. ஆனால் அந்தக் கரையில் வலை இழுக்கும் மீனவரும், உள்நாட்டில் நாற்று நடும் பெண்ணும் அணுவின் வைத்தியத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?

அறியாமையின் விலையைத் தொழிலாளியே கொடுக்கிறான்

பயிற்சி என்ற விஷயத்தில் தொழிலாளி வர்க்கத்துக்கு இன்னொரு தனி அக்கறையும் உண்டு. கதிருக்கு நிறமில்லை, வாசனையில்லை, சூடுமில்லை. அதைப் பற்றித் தெரியாமல் அதனருகே நிறுத்தப்படுகிறவன் எப்போதும் தொழிலாளிதான்.

1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், இருளில் ஒளிரும் கடிகார முகங்களுக்கு ரேடியச் சாயம் பூசும் வேலையில் இளம் பெண்களை அமர்த்தினார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். சாயம் கெடுதல் செய்யாது என்றது நிர்வாகம். அதே கம்பெனியின் ரசாயன நிபுணர்களோ ஈயத் திரையும் இடுக்கியும் வைத்து வேலை செய்தார்கள். அந்தப் பெண்களின் தாடை எலும்புகள் அழுகின, பலர் மாண்டனர். 1927-ல் ஐந்து பெண்கள் கோர்ட்டுக்குப் போன பிறகே உலகம் விழித்தது.

அது பழங்கதை என்று சொல்ல வேண்டாம். 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக உபயோகமில்லாமல் கிடந்த ஆராய்ச்சிக் கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி இரும்புக் கடையில் அதை உடைத்த தொழிலாளிகளுக்கு அது என்னவென்று தெரியாது. கை கருகியது, தோல் உரிந்தது, ஒரு தொழிலாளி உயிரையே இழந்தார். விற்றவர்களிடம் அறிவும் பொறுப்பும் இருந்திருந்தால் அந்தச் சாவு நேர்ந்திராது.

அணு மருத்துவப் பிரிவிலும் இதே பாடம் உண்டு. அயோடின் வைத்தியம் பெற்ற நோயாளியைச் சில நாள் தனி அறையில் வைக்க வேண்டும். அவரது சிறுநீரிலும் வியர்வையிலும் கதிர் இருக்கும். கழிவு நீரைத் தனித் தொட்டியில் தேக்கி, கதிர் தணிந்த பிறகே வெளியே விட வேண்டும். அந்த அறையைப் பெருக்குவது யார்? விரிப்பை மாற்றுவது யார்? கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளிப் பெண். இன்று ஒருவர், அடுத்த மாதம் வேறொருவர். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர் சட்டையில் கதிரை அளக்கும் பட்டை உண்டா? கதிர் பாதுகாப்பின் மூன்று விதிகள் எளியவை: அருகில் இருக்கும் நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவே தடுப்பு வை. தூரத்தை இரு மடங்காக்கினால் கதிர் நாலில் ஒன்றாகும். இதை ஒரு மணி நேரத்தில் தமிழில் கற்றுக் கொடுக்கலாம். கற்றுக் கொடுப்பதில்லை; ஏனென்றால் கான்ட்ராக்ட் தொழிலாளி அவர்கள் கண்ணுக்கு மனிதராகவே தெரிவதில்லை.

'முதலில் மாத்திரைக்கு வழி இல்லை' என்போருக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்துத் தட்டுப்பாடு இருக்கும்போது அணு மருத்துவம் ஆடம்பரமல்லவா என்று சிலர் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு கேட்பவர்களுக்கு நமது பதில் இது: ஆரம்ப சுகாதார நிலையமும் வேண்டும், இதுவும் வேண்டும். நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தெரியாமல் செய்யும் ஆபரேஷன் வீணாகலாம். அந்த வீண் செலவில் ஏழையின் வீட்டுப் பாத்திரம்வரை அடகுக்குப் போகும். பணக்காரனுக்கு அவசியமான வைத்தியம் ஏழைக்கு ஆடம்பரம் என்ற நியாயத்தை நாம் ஏற்கவில்லை.

ஒரு நாட்டின் செல்வம் யந்திரமா, மனிதர்களா என்பதற்குக் கியூபா சாட்சி. அமெரிக்க முற்றுகையில் சிக்கியிருந்த அந்தச் சிறு தீவு, 1990 முதல் செர்னோபில் விபத்தால் பாதிக்கப்பட்ட 20 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளை வரவழைத்து இலவசமாக வைத்தியம் செய்தது. அதனிடம் டாலர் குவிந்திருக்கவில்லை. தன் மக்களிடமிருந்து அது உருவாக்கிய டாக்டர்களும் நர்சுகளும் இருந்தார்கள்.

இந்த அறிவின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறோம். செயற்கைக் கதிரியக்கத்தை 1934-ல் கண்டுபிடித்தவர்கள் ஐரீன் ஜோலியோ-கியூரியும் பிரெடரிக் ஜோலியோ-கியூரியும். ஆஸ்பத்திரிகளில் கையாளும் கதிர் மருந்துகள் அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவை. பிரெடரிக், பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் அங்கத்தினர். 1950-ல் அணுகுண்டைத் தடை செய்யக் கோரும் ஸ்டாக்ஹோம் அறைகூவலுக்கு முன் நின்றவர். அதே ஆண்டில் பிரெஞ்சு அணுசக்திக் கமிஷன் தலைமையிலிருந்து நீக்கப்பட்டவர். ஐரீன் 1956-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆயுள் முழுவதும் பட்ட கதிரே காரணம் என்று கருதப்படுகிறது. அணு கொல்வதற்கல்ல, வாழ்விப்பதற்கு என்ற அவர்களது கொள்கை நமது கொள்கை.

நமது கோரிக்கைகள்

முதலாவது: எந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கருவி வாங்கினாலும், அதே உத்தரவில் டாக்டர், டெக்னீஷியன், இயற்பியலாளர், ரசாயன நிபுணர், நர்சு ஆகியோருக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் நர்சுகளை எடுத்து, பணி நிரந்தரத்துக்காக அவர்களைத் தெருவில் நிற்க வைத்த அநியாயம் இத்துறையிலும் தொடரக் கூடாது. இன்று பயிற்றுவித்தவரை நாளை தனியார் ஆஸ்பத்திரி கொத்திக்கொண்டு போவதற்கு அற்பச் சம்பளமும் நிச்சயமற்ற வேலையுமே காரணம்.

இரண்டாவது: சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் இத்துறைப் படிப்புகளின் இடங்களைக் கூட்ட வேண்டும். கட்டணமில்லாமல், உதவித் தொகையோடு, தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றில் வழி திறக்க வேண்டும். லட்சக் கணக்கில் கட்டணம் கட்டிப் படித்தவன் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பான். மக்கள் பணத்தில் படித்தவனை மக்களுக்கு உழைக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

மூன்றாவது: ஆசிரியர்களை உருவாக்காமல் மாணவர்களை உருவாக்க முடியாது. பம்பாய் மையத்தின் அனுபவத்தைக் கொண்டு தென்னாட்டிலும் பொதுத்துறைப் பயிற்சி நிலையங்களை மத்திய சர்க்கார் அமைக்க வேண்டும்.

நான்காவது: டெக்னீஷியன்கள் உள்ளிட்ட மருத்துவத் துணைத் தொழிலினருக்கான சட்டம் 2021-ல் நிறைவேறியது. மூன்று ஆண்டு கடந்தும் மாநிலங்கள் அசையாததால், 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டுக் கெடு விதிக்க நேர்ந்தது. அந்தச் சட்டத்தைக் காகிதத்திலிருந்து எடுத்து முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஐந்தாவது: கதிர் உள்ள இடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், துப்புரவுத் தொழிலாளி உட்பட, தாய்மொழியில் பயிற்சியும் அளவுப் பட்டையும் கட்டாயமாக வேண்டும். அங்கே கான்ட்ராக்ட் முறை ஒழிய வேண்டும்.

ஆறாவது: மில் தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் இ.எஸ்.ஐ. நிதிக்குப் பணம் கட்டுகிறான். அந்த நிதியிலிருந்து இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் இத்துறையையும் பயிற்சியையும் ஏற்படுத்த வேண்டும். அந்தப் பாதுகாப்புகூட இல்லாத விவசாயத் தொழிலாளிக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியே முழுப் பொறுப்பேற்க வேண்டும்.

தோழர்களே! இது டாக்டர்களும் விஞ்ஞானிகளும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். எட்டு மணி நேர வேலையும் இ.எஸ்.ஐ. உரிமையும் யாரும் இரக்கப்பட்டுத் தந்தவையல்ல. தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்றவை. மில் கேட் கூட்டத்திலும், விவசாயத் தொழிலாளர் சங்க மாநாட்டிலும் கூலியோடும் போனஸோடும் இந்தக் கோரிக்கைகளையும் சேர்த்து எழுப்புங்கள். உங்கள் ஊர்ச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள்: இங்கே என்ன யந்திரம் இருக்கிறது? அதை இயக்க எத்தனை பேர் வேண்டும்? எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம்? பதிலை வாங்கிச் சங்கத்தின் முன் வையுங்கள்.

யந்திரத்தைச் செய்ததும் தொழிலாளியின் கை. அதற்கு விலை கொடுத்ததும் தொழிலாளியின் வரி. அதை இயக்கும் கையும் நம் பிள்ளைகளின் கையாகட்டும். அதனால் பிழைக்கும் உயிரும் நம் மக்களின் உயிராகட்டும். அதுவரை நாம் ஓயப்போவதில்லை.